சுண்டைக்காயும் சுமைகூலியும்: பள்ளிக் கணினியின் முழு விலை

2025 நவம்பரில் நடந்த பெங்களூரு தொழில்நுட்ப உச்சி மாநாட்டில், கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம் ‘கியோ’ என்ற சிறிய கணினியை அறிமுகப்படுத்தியது. அறிமுக விலை 18,999 ரூபாய். ரிஸ்க்-ஃபைவ் வகைச் சில்லு, லினக்ஸ் இயங்குதளம், இணையம் இல்லாமலே மாநிலப் பாடத்திட்டத்தில் சந்தேகம் தீர்த்துவைக்கும் செயற்கை நுண்ணறிவுத் துணை ஆகியவை அதன் சிறப்புகள். கணினி வாங்க வசதியில்லாத வீடுகளை மனத்தில் வைத்துச் செய்த கருவி அது.

இதே ஊரில் இதற்கு முன்பும் இப்படி ஒரு முயற்சி நடந்தது. 2001 ஏப்ரலில் இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்களும் என்கோர் நிறுவனப் பொறியாளர்களும் சேர்ந்து ‘சிம்ப்யூட்டர்’ என்ற கையடக்கக் கருவியை வெளியிட்டார்கள். 9,000 ரூபாய்க்குள் கொடுத்துவிட வேண்டும் என்பது அவர்கள் இலக்கு. அதில் ஒரு நல்ல யோசனை இருந்தது. ஒவ்வொருவருக்கும் ஒரு ஸ்மார்ட் அட்டை. கருவி ஊருக்குப் பொது. அட்டையைச் செருகினால் அவரவர் கணக்கு திறக்கும். ஏழை நாட்டில் கருவியைப் பகிர்ந்துகொண்டுதான் ஆக வேண்டும் என்பதை வடிவமைப்பிலேயே ஒப்புக்கொண்ட யோசனை அது. 2004இல் பாரத் எலக்ட்ரானிக்ஸ் அதைத் தயாரித்து ‘அமிடா’ என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தபோது காலம் கைபேசியின் பக்கம் சாய்ந்திருந்தது. சில ஆயிரம் கருவிகளோடு சிம்ப்யூட்டரின் கதை முடிந்தது.

அன்றும் இன்றும் எல்லோரும் முதலில் கேட்ட கேள்வி ஒன்றே: ‘விலை என்ன?’ அது தேவையான கேள்விதான். ஆனால் பள்ளிக்கூடத்தைப் பொறுத்தவரை அதற்குக் கிடைக்கும் பதில் முழுச் செலவில் ஒரு பகுதியைத்தான் காட்டும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். பழமொழி சுமைகூலியை வீண் செலவாகப் பார்க்கிறது. பள்ளிக் கணினியிலோ ஆசிரியர், மின்சாரம், பழுதுபார்ப்பு, தாய்மொழிப் பாடம் என்ற அந்தச் சுமைகூலிதான் கல்வியாக மாறுகிறது. முக்கால் பணத்தை மிச்சம் பிடிக்கப் போனால் கொடுத்த கால் பணமும் பாழாகும். நாற்பதாண்டு அனுபவத்தை ஒருசேர வைத்துப் பார்த்தால் கிடைக்கும் பாடம் இது.

விலைக் குறைப்பின் வரலாறு

இந்தியப் பள்ளிகளுக்குள் அரசுச் செலவில் கணினி நுழைந்தது 1984-85இல். ‘கிளாஸ்’ என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட மத்திய அரசுத் திட்டத்தின் கீழ், பிரிட்டனில் பள்ளிகளுக்காகவே உருவான பிபிசி மைக்ரோ கணினிகள் தேர்ந்தெடுத்த பள்ளிகளுக்கு வந்து சேர்ந்தன. கணினி அப்போது அரிய பொருள். சில பள்ளிகளுக்குக் கொடுத்து என்ன நடக்கிறது என்று பார்ப்பதே நோக்கமாக இருந்தது.

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒன்று என்ற கனவு 2005இல் உலக மேடைக்கு வந்தது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் நிக்கோலஸ் நெக்ரோபான்ட்டே, 100 டாலரில் மடிக்கணினி தருவோம் என்று அறிவித்தார். 2007இல் அது கைக்கு வந்தபோது விலை ஏறத்தாழ இரு மடங்கு. அதற்கு முன்பே, 2006இல், இந்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் அந்தத் திட்டத்தை ஏற்க மறுத்துவிட்டது. வகுப்பறையும் ஆசிரியரும் இல்லாத இடங்களில் மடிக்கணினிக்கு முதலிடம் தர முடியாது என்பது அமைச்சகத்தின் நிலைப்பாடு.

ஆனால் மலிவு விலையின் கவர்ச்சி டெல்லியையும் விடவில்லை. 2009 பிப்ரவரியில் திருப்பதியில் ‘10 டாலர் கணினி’ என்று பெரும் எதிர்பார்ப்போடு காட்டப்பட்டது, கணினியே அல்லாத ஒரு சேமிப்புக் கருவியாக முடிந்தது. 2010இல் அமைச்சர் கபில் சிபல் 35 டாலர் மாதிரி ஒன்றைக் காட்டினார். 2011 அக்டோபர் 5 அன்று ‘ஆகாஷ்’ டேப்லெட் வெளியானது. டேட்டாவிண்ட் நிறுவனம் அதை அரசுக்கு ஏறத்தாழ 50 டாலருக்குத் தந்தது. மெதுவான செயலி, விரைவில் தீரும் பேட்டரி, சரியாக வேலை செய்யாத தொடுதிரை என்று புகார்கள் வரிசை கட்டின. அடுத்த ஆண்டே மேம்பட்ட பதிப்பு ஒன்று தேவைப்பட்டது. நாடு முழுவதும் மாணவர் கையில் சேரும் என்ற உறுதிமொழி நிறைவேறவில்லை.

இந்த வரலாற்றில் ஒரே தவறு திரும்பத் திரும்ப வருகிறது. விலையை முதலில் நிச்சயித்துவிட்டு அதற்குள் கருவியை அடக்கப் பார்த்தால், முதலில் வெட்டுப்படுவது பேட்டரியும் நினைவகமும் விற்பனைக்குப் பிந்தைய சேவையும்தான். பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் கணினி உதிரிபாகம் விற்கும் எந்தக் கடைக்காரருக்கும் இது தெரியும். வாங்கும் நாளில் மிச்சமான ஆயிரம் ரூபாய் மூன்றாம் ஆண்டில் பேட்டரியாகவும் மதர்போர்டாகவும் கணக்குக் கேட்கும்.

அரசுக் கணக்கே சொல்லும் செய்தி

சுமைகூலி எவ்வளவு என்பதற்கு வெளியே ஆதாரம் தேட வேண்டியதில்லை. பள்ளிகளில் தகவல் தொழில்நுட்பக் கல்விக்கான மத்திய அரசுத் திட்டம் 2004 டிசம்பரில் தொடங்கி 2010இல் திருத்தப்பட்டது. திருத்தத்தின்படி ஒரு பள்ளியின் கணினி அறையை அமைக்க 6.40 லட்சம் ரூபாய் ஒரு முறைச் செலவு; அதை நடத்த ஆண்டுக்கு 2.70 லட்சம் வீதம் 5 ஆண்டுகள். நடத்தும் செலவு மட்டும் 13.50 லட்சம். மொத்தம் 19.90 லட்சம். அதாவது கணினி, மேசை, யுபிஎஸ் எல்லாம் சேர்ந்தது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. மீதி, கற்பிக்கும் ஆளுக்கும் மின்சாரத்துக்கும் இணையத்துக்கும் பராமரிப்புக்கும்.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் நீட்டிப் பார்ப்போம். 19.90 லட்சத்தை 5 ஆண்டுகளுக்குப் பங்கிட்டால் ஆண்டுக்கு ஏறத்தாழ 3.98 லட்சம். அறையில் 10 கணினிகள், ஆண்டுக்கு 200 பள்ளி நாட்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு கணினியும் நாளுக்கு 4 மணி நேரம் ஓடினால் ஆண்டில் 8,000 கணினி-மணி. ஒரு மணி நேரத்துக்கு விழும் செலவு ஏறத்தாழ 50 ரூபாய். நாளுக்கு ஒரு மணி நேரமே ஓடினால் அதே மணி 200 ரூபாய் ஆகிவிடும். வாரத்தில் ஒரு நாள் மட்டும் ஒரு மணி நேரம் கதவு திறந்தால் 1,000 ரூபாய். செலவழிந்த பணம் மாறவில்லை. ஓடிய நேரம்தான் குறைந்தது. அப்படியானால் பள்ளியில் மிக விலை உயர்ந்த கணினி எது? பூட்டிய அறைக்குள் துணி போர்த்திக் கிடக்கும் கணினி.

இந்தப் பூட்டு கற்பனை அல்ல. மத்திய கல்வி அமைச்சகத்தின் யுடைஸ் பிளஸ் தரவுகளின்படி 2023-24இல் நாட்டின் பள்ளிகளில் 57.2 சதவீதத்தில்தான் இயங்கும் நிலையில் கணினி இருந்தது; இணைய வசதி 53.9 சதவீதப் பள்ளிகளில். அடுத்த ஆண்டு கணினி வசதி 64.7 சதவீதமாகவும் இணையம் 63.5 சதவீதமாகவும் உயர்ந்தன. முன்னேற்றம்தான். ஆனால் இந்தப் புள்ளிவிவரம் கணினி இருக்கிறதா என்று கேட்கிறது. எத்தனை மணி நேரம் ஓடியது என்று கேட்பதில்லை. அந்த எண் வெளிவராத வரை எந்தத் திட்டத்தின் உண்மைச் செலவையும் மக்கள் அறிய வழியில்லை.

மாஹிதி சிந்துவும் கேரளமும்

சுமைகூலியை யாருக்குக் கொடுப்பது என்ற கேள்வியில் கர்நாடகமும் கேரளமும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் இரண்டு வழிகளில் சென்றன. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வாய்ப்பு நமக்குக் கிடைத்திருக்கிறது.

2001-02இல் கர்நாடகம் ‘மாஹிதி சிந்து’ திட்டத்தை 1,000 அரசு உயர்நிலைப் பள்ளிகளில் தொடங்கியது. கணினி கொண்டுவருவது, பயிற்றுநரை அமர்த்துவது, பராமரிப்பது என எல்லாப் பொறுப்பும் தனியார் பயிற்சி நிறுவனங்களுக்கு ஒப்பந்த அடிப்படையில் போனது. பார்வைக்கு நல்ல ஏற்பாடு. அரசுக்குத் தலைவலி இல்லை. பள்ளிக்கு ஆள் கிடைக்கிறார். ஆனால் நிறுவனம் அனுப்பிய பயிற்றுநர் பள்ளியின் ஆள் இல்லை. பள்ளி ஆசிரியருக்குக் கணினி தன் பாடத்தின் பகுதி இல்லை. கணித ஆசிரியர் கணினி அறைப் பக்கம் போக வேண்டிய அவசியமே எழவில்லை. ஒப்பந்தக் காலம் முடிந்து பயிற்றுநர் கிளம்பியதும், கற்றுக்கொண்ட திறமையும் அவரோடு கிளம்பியது. பள்ளியில் எஞ்சியது பழைய கணினிகள்.

கேரளத்தின் ‘ஐடி அட் ஸ்கூல்’ திட்டமும் அதே ஆண்டுகளில் தொடங்கியது. அங்கே வெளியாளைக் கொண்டுவரவில்லை. பள்ளியில் ஏற்கெனவே இருந்த ஆசிரியர்களிடமிருந்தே முதன்மைப் பயிற்றுநர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்கள் மற்ற ஆசிரியர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். ஒவ்வொரு பள்ளியிலும் ஓர் ஆசிரியரே கணினிப் பொறுப்பாளர். 2005 முதல் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் தகவல் தொழில்நுட்பம் ஒரு பாடம் ஆனது. பிறகு பள்ளிகள் முழுக்கக் கட்டற்ற மென்பொருளுக்கு மாறின. உரிமக் கட்டணம் என்ற செலவுத் தலைப்பே மறைந்தது. 2017இல் இந்தத் திட்டம் ‘கைட்’ என்ற அரசு நிறுவனமாக வளர்ந்தது. அது வாங்கும் மடிக்கணினிகளுக்கு 5 ஆண்டு வாரண்டி கேட்டு வாங்குகிறது. 2018இல் தொடங்கிய ‘லிட்டில் கைட்ஸ்’ மாணவர் மன்றங்களில் பிள்ளைகளே கருவிகளைப் பராமரிக்கப் பழகுகிறார்கள்.

பெங்களூருவில் இயங்கும் ‘ஐடி ஃபார் சேஞ்ச்’ அமைப்பு இந்த இரு மாநில வழிகளையும் ஒப்பிட்டு ஆராய்ந்தது. வெளியே ஒப்படைத்த முறையைவிடப் பள்ளி அமைப்போடு பிணைந்த முறையே நிலைக்கிறது என்பது அதன் முடிவு. கர்நாடகம் இந்தப் பாடத்தைக் காதில் வாங்காமல் இருந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2011 முதல் அரசின் ஆசிரியர் பயிற்சித் துறை, கணிதம், அறிவியல், சமூக அறிவியல் ஆசிரியர்களைப் பாடவாரியாக இணைத்து ‘பாட ஆசிரியர் மன்றம்’ என்ற பயிற்சியைத் தொடங்கியது. கட்டற்ற மென்பொருளில் தங்கள் பாடத்துக்கான பொருளைத் தாங்களே உருவாக்கவும் பகிரவும் ஆசிரியர்கள் பழகினார்கள். 2016-17இல் வந்த ‘டால்ப்’ என்ற தொழில்நுட்பத் துணைக் கற்றல் திட்டமும் ஆசிரியர் பயிற்சியை முன்னால் வைத்தது. பெட்டியிலிருந்து ஆசிரியருக்கு நகர 10 ஆண்டுகள் பிடித்தன. அந்த 10 ஆண்டுகளில் உயர்நிலைப் பள்ளி முடித்துப் போன பிள்ளைகளுக்கு அந்தக் காலம் திரும்பக் கிடைக்காது. இதுவும் செலவுதான்.

பெங்களூருவின் இன்னொரு சாட்சியம் அசிம் பிரேம்ஜி அறக்கட்டளையுடையது. மென்பொருள் தொழிலில் ஈட்டிய செல்வத்தில் எழுந்த அறக்கட்டளை அது. 2000களின் தொடக்கத்தில் பல மாநிலங்களில் ஆயிரக்கணக்கான பள்ளிகளுக்கு, பல இந்திய மொழிகளில் பாடக் குறுந்தகடுகள் தயாரித்துக் கணினி வழிக் கற்றலை நடத்தியது. சில ஆண்டுகளில் தன் அனுபவத்தைத் தானே எடைபோட்டு, கணினி ஆசிரியருக்கு ஒரு துணை, அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது என்ற முடிவுக்கு வந்தது. ஆசிரியர் மேம்பாட்டைத் தன் மையப் பணியாக்கிக்கொண்டது. கணினியை நன்கு அறிந்தவர்கள் கணினியின் எல்லையை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது மதிக்கத்தக்க நேர்மை.

அவரவர் கையில் ஒரு கணினி

பள்ளி அறைக்குப் பதிலாக மாணவர் கையிலேயே கணினியைக் கொடுத்துவிடும் வழியில் இந்தியாவில் மிக நீண்ட தூரம் சென்றது தமிழ்நாடு. 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டத்தில் முதல்வர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். அரசு, அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளி மாணவர்களும் கல்லூரி, பாலிடெக்னிக் மாணவர்களும் பயனாளிகள். 68 லட்சம் பேருக்கு 10,200 கோடி ரூபாய் என்பது தொடக்க மதிப்பீடு. ஆளுக்கு 15,000 ரூபாய். மாநில அரசின் எல்காட் நிறுவனம் டெண்டர் விட்டு வாங்கியது. இவ்வளவு பெரிய எண்ணிக்கையில் ஓர் அரசு வாங்கும்போது கடை விலையைவிட எவ்வளவு குறைக்க முடியும் என்பதை அந்தக் கொள்முதல் காட்டியது. இடையில் நின்றுபோவதற்குள் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் வழங்கப்பட்டன.

இந்தத் திட்டத்தை வெறும் தேர்தல் இலவசம் என்று தள்ளிவிடுவது நியாயமில்லை. தேசிய மாதிரி ஆய்வின் 2017-18 கணக்கெடுப்பில் இந்தியக் குடும்பங்களில் 10.7 சதவீதத்திடம் மட்டுமே கணினி இருந்தது. கிராமங்களில் 4.4 சதவீதம், நகரங்களில் 23.4 சதவீதம். பொறியியல் படிக்க வந்த முதல் தலைமுறை மாணவி, விடுதியில் சக மாணவியின் கணினி ஓய்வாகும் வரை காத்திருந்த காலம் ஒன்று உண்டு. அவள் கையில் சொந்தமாக ஒரு மடிக்கணினி வந்தபோது மாறியது மதிப்பெண் மட்டும் இல்லை. தலை நிமிர்ந்து வகுப்பில் உட்காரும் உரிமையும் கிடைத்தது. இந்தப் பலனை ரூபாயில் எழுத முடியாது என்பதால் அது இல்லை என்று ஆகிவிடாது.

ஆனால் குறையையும் சொல்லியாக வேண்டும். வாரண்டி முடிந்த பின் பழுதுபார்ப்பு முழுக்க மாணவர் தலையில் விழுந்தது. பல ஆண்டுகள் பள்ளிப் படிப்பு முடிந்த பிறகே மடிக்கணினி கைக்கு வந்தது; பிளஸ் டூவில் தர வேண்டியதைக் கேட்டு முன்னாள் மாணவர்கள் பள்ளி வாசலில் நின்றார்கள். 50,000க்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் உரியவர் கைக்குப் போகாமல் கிடந்து பழையதானதை இந்தியத் தணிக்கைத் துறை சுட்டிக்காட்டியது. தாமதம் என்பது கணினிக்கு மட்டுமே உள்ள தனிச் செலவு. அரிசி மூட்டை ஆறு மாதம் காத்திருக்கும். மடிக்கணினி காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் வாரண்டியும் பேட்டரியும் தேய்கின்றன.

2025 மார்ச்சில் தாக்கலான தமிழ்நாடு நிதிநிலை அறிக்கை, இரண்டாண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கருவி வழங்குவதாக அறிவித்து, முதல் கட்டத்துக்கு 2,000 கோடி ஒதுக்கியது. இம்முறை பயனாளி கல்லூரி மாணவர் மட்டுமே. இந்த மாற்றம் சரியானது என்பது என் கருத்து. சொந்தக் கணினியைத் தானே பயன்படுத்தவும் பாதுகாக்கவும் தெரிந்த வயது அது.

கர்நாடகமும் இந்த வழியில் நடந்திருக்கிறது. அரசு முதல்நிலைக் கல்லூரிகளின் மாணவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு மடிக்கணினி கொடுத்தது. 2021 ஜூனில் அரசுக் கல்லூரி மாணவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு டேப்லெட் கொடுத்தது. கொரோனா பள்ளிகளைப் பூட்டிய காலத்தில் கருவி இல்லாத பிள்ளையின் நிலை என்ன என்பதை இந்த மாநிலம் நேரில் பார்த்தது. 2020 ஆகஸ்டில் தொடங்கிய ‘வித்யாகம’ திட்டத்தில், இணையத்தோடு கைபேசி உள்ளவர்கள், இணையம் இல்லாத கைபேசி உள்ளவர்கள், எதுவும் இல்லாதவர்கள் என்று பிள்ளைகளை மூன்றாகப் பிரித்தார்கள். எதுவும் இல்லாத பிள்ளைகளைத் தேடி ஆசிரியர்கள் கோயில் வளாகத்துக்கும் மரத்தடிக்கும் போனார்கள். கருவி இல்லாத இடத்தில் ஆசிரியரின் கால்கள் அந்த வேலையைச் செய்தன. ஆசிரியர் போகாத இடத்தில் கருவி மட்டும் அதைச் செய்திருக்குமா?

கற்றல் கூடியதா?

செலவைப் பற்றிப் பேசும்போது எதற்காகச் செலவு என்பதை மறக்கக் கூடாது. இந்தக் கேள்விக்கு இந்தியாவிலேயே கவனமான ஆய்வுகள் நடந்திருக்கின்றன.

குஜராத் அரசு வடோதரா நகராட்சிப் பள்ளிகள் 100க்குத் தலா நான்கு கணினிகள் கொடுத்திருந்தது. தொடக்க வகுப்புப் பிள்ளைகள் அவற்றை அநேகமாகத் தொடவே இல்லை. பிரதம் என்ற தொண்டு அமைப்பு அந்தக் கணினிகளில் கணித விளையாட்டுகளை ஏற்றி, வாரம் இரண்டு மணி நேரம், இரண்டு பிள்ளைக்கு ஒரு கணினி என்று முறைப்படுத்தியது. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ உள்ளிட்டோர் விளைவை அளந்து 2007இல் வெளியிட்டார்கள். இரண்டாம் ஆண்டில் கணிதத்தில் 0.47 திட்டவிலக்க அளவு முன்னேற்றம். மிக நல்ல பலன். அதே ஆய்வில் ‘பால்சகி’ என்ற இன்னொரு ஏற்பாடும் சோதிக்கப்பட்டது. அந்தந்தப் பகுதியைச் சேர்ந்த இளம்பெண் ஒருவர், பின்தங்கிய பிள்ளைகளைத் தனியே உட்காரவைத்து அடிப்படைப் பாடம் சொல்லித் தருவார். அதன் பலன் 0.28. ஆண்டுச் செலவு, பால்சகிக்குப் பிள்ளை ஒன்றுக்கு 107 ரூபாய். கணினிக்கு 722 ரூபாய். ஏறத்தாழ ஏழு மடங்கு செலவுக்கு இரண்டு மடங்கை எட்டாத பலன்.

தென்னமெரிக்காவின் பெரு நாடு எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட நெக்ரோபான்ட்டே மடிக்கணினிகளை வாங்கிக் கொடுத்தது. 319 கிராமப்புறப் பள்ளிகளில் நடந்த ஆய்வை அமெரிக்க நாடுகளுக்கு இடையிலான வளர்ச்சி வங்கி 2012இல் வெளியிட்டது. கணிதத்திலும் மொழியிலும் முன்னேற்றம் தென்படவில்லை. பொதுச் சிந்தனைத் திறனில் மட்டும் சிறு உயர்வு. அதே மடிக்கணினியை வாங்கிய உருகுவே, ‘சீபல்’ என்ற தனி நிறுவன அமைப்பின் மூலம் இணையம், பழுதுபார்ப்பு, ஆசிரியர் பயிற்சி எல்லாவற்றையும் சேர்த்தே திட்டமிட்டது. அங்கே பிள்ளை ஒன்றுக்கு மொத்தச் செலவு 260 டாலர், ஆண்டுப் பராமரிப்பு 21 டாலர் என்று அரசு கணக்குக் காட்டியது. சுமைகூலியைச் சேர்த்துக் கணக்கிட்டதால்தான் அந்தத் திட்டம் இன்றும் நடக்கிறது.

மூன்றாவது சான்று டெல்லியிலிருந்து. 2015இல் 6 முதல் 9ஆம் வகுப்பு வரையான 619 மாணவர்களிடம் ‘மைண்ட்ஸ்பார்க்’ மென்பொருள் சோதிக்கப்பட்டது. பிள்ளை எந்த நிலையில் இருக்கிறதோ அங்கிருந்து தொடங்கும் மென்பொருள் அது. நாலரை மாதத்தில் கணிதத்தில் 0.37, இந்தியில் 0.23 அளவு முன்னேற்றம் என்று கார்த்திக் முரளிதரனும் சக ஆய்வாளர்களும் 2019இல் பதிவுசெய்தார்கள். அந்த மையங்களில் பிள்ளைக்குக் கணினி சொந்தமில்லை. வந்து உட்கார்ந்து, பாதி நேரம் கணினியிலும் பாதி நேரம் பயிற்றுநருடனும் கற்றார்கள்.

மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் படம் தெளிவாகிறது. என்ன பாடம், எவ்வளவு நேரம், அருகில் யார் என்பவை நிச்சயமான இடத்தில் கணினி பலன் தந்தது. பெட்டியை மட்டும் கொடுத்த இடத்தில் தரவில்லை. ‘ஆசர்’ என்ற ஆண்டுக் கல்வி நிலை ஆய்வின் 2024 அறிக்கையும் இதை வேறு விதத்தில் உறுதி செய்கிறது. 14 முதல் 16 வயதுக் கிராமப்புறப் பிள்ளைகளில் 82 சதவீதத்தினருக்குத் திறன்பேசி பயன்படுத்தத் தெரியும். அவர்களில் முந்தைய வாரத்தில் அதைப் படிப்புக்குப் பயன்படுத்தியவர்கள் 57 சதவீதம், சமூக ஊடகத்துக்குப் பயன்படுத்தியவர்கள் 76 சதவீதம்.

கணக்கில் எழுதாத செலவுகள்

மின்சாரத்தை எடுத்துக்கொள்வோம். கணினி அறை வந்ததும் பள்ளியின் மின்கட்டணம் ஏறும். பராமரிப்பு நிதி சிறியது. கட்டணம் ஏறும் என்ற பயத்திலேயே கணினியை ஓடவிடத் தயங்கும் தலைமையாசிரியரைக் குறை சொல்லிப் பயனில்லை. 2024 நவம்பர் 1, கர்நாடக ராஜ்யோத்சவ நாளில், அரசுப் பள்ளிகளுக்கு மின்சாரமும் குடிநீரும் இலவசம் என்று முதல்வர் சித்தராமையா அறிவித்தார். கணினிக்கான அறிவிப்பாக யாரும் அதைப் பார்க்கவில்லை. ஆனால் கணினி அறையின் கதவைத் திறக்கும் சாவிகளில் அதுவும் ஒன்று.

அடுத்தது மொழி. கர்நாடகப் பாடநூல் சங்கம் கன்னடம், ஆங்கிலம் மட்டுமன்றி உருது, தமிழ், தெலுங்கு, மராத்தி, இந்தி வழியிலும் பாடநூல் அச்சிடுகிறது. இது பெருமைக்குரிய மரபு. கணினிப் பாடம் இந்த மொழிகளில் எல்லாம் இருக்கிறதா என்பதே அடுத்த கேள்வி. சிவாஜி நகரிலோ அல்சூரிலோ வீட்டில் தமிழும் தெருவில் கன்னடமும் தக்கனி உருதுவும் பேசி வளரும் பிள்ளைக்கு, ஆங்கிலத்தில் மட்டும் பேசும் கணினி இன்னொரு சுவர். ஒரு மொழியில் நல்ல மென்பொருள் பாடம் தயாரிக்கும் செலவு, 10 பேர் படித்தாலும் 10 லட்சம் பேர் படித்தாலும் அதேதான். சிறுபான்மை மொழிக்கு அந்தச் செலவைச் சந்தை ஏற்காது. அரசுதான் ஏற்க வேண்டும்.

கடைசியாகக் கழிவு. பழுதான கணினியைப் பள்ளி நினைத்த நேரத்தில் வெளியேற்ற முடியாது. இருப்புப் பதிவேட்டில் அது இன்னும் அரசுச் சொத்து. கழித்துக்கட்ட மேலிட அனுமதி வர வேண்டும். அதுவரை வகுப்பறைக்குத் தேவைப்படும் அறை ஒன்று மின்கழிவுக் கிடங்காக இருக்கும். 2011 முதல் நாட்டில் மின்கழிவு விதிகள் உண்டு. பெங்களூரை அடுத்த தாபஸ்பேட்டையில் பதிவுபெற்ற மறுசுழற்சி ஆலை அதற்கும் முன்பே வந்துவிட்டது. விதியும் ஆலையும் இருந்தும், கொள்முதல் ஒப்பந்தத்தில் ‘திரும்ப எடுத்துக்கொள்ளுதல்’ என்ற ஒரு வரி இல்லாததால் பள்ளிகளில் பழைய திரைகள் தூசி படிகின்றன.

செலவில்லாமல் அல்ல, சிக்கனமாகச் செய்ய முடியும் என்பதற்கும் இந்த ஊரிலேயே சான்று உண்டு. பன்னேர்கட்டா சாலையை அடுத்த ஒரு குடிசைப் பகுதியில் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் அம்பேத்கர் சமூகக் கணினி மையத்தை நடத்தினார்கள். நன்கொடையாக வந்த பழைய கணினிகள், உரிமக் கட்டணம் இல்லாத மென்பொருள், விடுமுறை நாளில் வந்து சொல்லித் தந்த மென்பொருள் தொழிலாளர்கள். அங்கே மலிவாகக் கிடைத்தது கணினி; விலைமதிப்பில்லாமல் கிடைத்தது மனிதரின் நேரம்.

என்ன செய்ய வேண்டும்?

இவ்வளவையும் பரிசீலித்த பிறகு எனக்குத் தோன்றும் முடிவு இது. பள்ளி வயதில் பகிர்ந்துகொள்ளும் கணினி அறையும் அதற்குப் பொறுப்பான ஆசிரியரும். கல்லூரி வாசலை மிதிக்கும் ஏழை மாணவருக்குச் சொந்தக் கணினி. 200 மாணவர் உள்ள பள்ளியில் ஆளுக்கொரு 18,999 ரூபாய்க் கருவி கொடுத்தால் ஏறத்தாழ 38 லட்சம். அதில் ஏறத்தாழப் பாதி, மத்திய அரசின் 2010 கணக்குப்படி, ஆசிரியரும் பராமரிப்பும் சேர்ந்த ஒரு கணினி அறையை அமைத்து 5 ஆண்டுகள் நடத்தும். விலைவாசி ஏறியிருக்கிறது, இன்றைய தொகை கூடும். ஆனாலும் விகிதம் சொல்லும் செய்தி மாறாது. கியோ போன்ற உள்ளூர்க் கருவி அந்த அறைக்குள் வந்தால் அது வரவேற்கத்தக்கது.

அரசு செய்ய வேண்டியவை அதிகமில்லை. நிதிநிலை அறிக்கையில் கருவியின் விலையோடு 5 ஆண்டு நடத்தும் செலவையும் சேர்த்தே அறிவிக்கட்டும். நடத்தும் செலவுக்குப் பாதிக்குக் குறையாமல் ஒதுக்கட்டும். டெண்டரில் 5 ஆண்டு வாரண்டியும் பழைய கருவியைத் திரும்ப எடுக்கும் பொறுப்பும் கட்டாயமாகட்டும். அருகிலுள்ள பாலிடெக்னிக், ஐடிஐ மாணவர்களுக்குப் பள்ளிக் கணினிப் பராமரிப்பைப் பயிற்சியாகக் கொடுக்கட்டும். ஒவ்வொரு பள்ளியிலும் கணினி எத்தனை மணி நேரம் ஓடியது என்ற எண்ணை ஆண்டுதோறும் வெளியிடட்டும்.

பெற்றோருக்கும் ஒரு வேலை இருக்கிறது. கர்நாடகத்தில் ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் பெற்றோர் உறுப்பினராக உள்ள எஸ்.டி.எம்.சி. குழு உண்டு, தமிழ்நாட்டில் பள்ளி மேலாண்மைக் குழு உண்டு. அடுத்த கூட்டத்தில், நமக்கு எத்தனை கணினி வந்தது என்று கேட்காதீர்கள். போன வாரம் கணினி அறை எத்தனை மணி நேரம் திறந்திருந்தது, என் பிள்ளை அதில் எவ்வளவு நேரம் உட்கார்ந்தது, அருகில் எந்த ஆசிரியர் இருந்தார் என்று கேளுங்கள். பதில் வரும் வரை விடாமல் கேளுங்கள். அந்தக் கணினிக்குப் பணம் கொடுத்தவர்கள் நீங்கள்.